புது ஸ்டீரியோ போட்டதும் கார் பேட்டரி இறங்குதா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செக் பண்ணுங்க!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய டச் ஸ்கிரீனோடு புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியாச்சு. சனி, ஞாயிறு காரை எடுக்கவில்லை. திங்கள் காலை சாவியைத் திருப்பினால் ‘டிக்... டிக்...’ சத்தம் மட்டும்தான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க” என்கிறார். ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதுசு போட்டால், அடுத்த வாரமும் அதே கதை!

ஸ்டீரியோ மாட்டிய சில நாளிலேயே பிரச்னை தொடங்கியது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை அல்ல; டேஷ்போர்டுக்குள் போட்ட வயரிங்கைத்தான்.

கார் சும்மா நிற்கும்போது கரன்ட் எங்கே போகிறது?

காரைப் பூட்டிவிட்டுப் போனாலும் கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக் போன்றவை கொஞ்சம் கரன்ட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பொதுவாக அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை.

ஒரு சின்ன கணக்கு. உங்கள் ஹேட்ச்பேக்கில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர்தான் செலவு. பாதி சார்ஜ் இறங்கவே இரண்டு வாரம் ஆகும். அதுவே ஸ்டீரியோ அணையாமல் அரை ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் காலி. ஒன்றரை நாளில் பாதி போய்விடும்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரி அடியோடு இறங்கும் ஒவ்வொரு முறையும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு முழுசாகத் திரும்பாது. அதாவது, நன்றாக இருந்த பேட்டரியும் நிஜமாகவே கெட்டுவிடும்.

தப்பு எங்கே நடக்கிறது?

வெளியில் வாங்கும் ஸ்டீரியோவில் வழக்கமாக மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வர வேண்டிய ஏசிசி சப்ளை. கறுப்பு, எர்த். (காரின் பக்கம் வரும் வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.)

* சிவப்பும் மஞ்சளும் சேர்ந்திருப்பது: ஏசிசி வயரைத் தேட நேரமில்லாமல் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோவுக்குத் தெரியாது; விழித்தே இருக்கும்.
* ஆம்ப்ளிஃபையர்: அதை ‘ஆன்’ செய்யும் ரிமோட் வயரை ஸ்டீரியோவில் கொடுக்காமல் நேரடி 12 வோல்ட்டில் கொடுத்திருந்தால் ஆம்ப் அணையவே அணையாது.
* ஸ்லீப் மோடு: பல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் சாவியை எடுத்ததும் முழுதாக அணையாமல் தூங்க மட்டுமே செய்யும். இரவு முழுக்க நின்ற பிறகும் காலையில் லோகோகூட வராமல் ஸ்கிரீன் சட்டென்று வந்தால், அது தூக்கத்தில்தான் இருந்திருக்கிறது. செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

1. இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள். 12.6 என்றால் ஃபுல், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. காலையில் மறுபடி பாருங்கள். 12.6 இருந்தது 12.2 ஆகியிருந்தால் ஏதோ ஒன்று இழுக்கிறது, அல்லது பேட்டரியே பலவீனமாகிவிட்டது.

2. இன்ஜின் ஓடும்போது பல கார்களில் 13.8 முதல் 14.4 வரை காட்டும். 13-க்கும் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டரைச் செக் பண்ணச் சொல்லுங்கள்.

3. ஸ்டீரியோவின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு (வழக்கமாக யூனிட்டின் பின்னால் இருக்கும்) இரண்டு இரவு விடுங்கள். ஆம்புக்குத் தனி ஃபியூஸ் இருந்தால் அதையும் கழற்றுங்கள். கார் பழையபடி ஸ்டார்ட் ஆனால் ஆள் மாட்டிக்கிச்சு! அப்போதும் இறங்கினால் டேஷ்கேமையும் பேட்டரியையும் பாருங்கள்.

4. சாவியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவின் சிவப்பு வயரில் வோல்ட்டேஜ் பாருங்கள். சில கார்களில் ஏசிசி அணைய கொஞ்ச நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் கழித்தும் 12 வோல்ட் வந்தால் வயரிங் தப்பு.

மில்லி ஆம்பியரில் அளக்க வேண்டுமானால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள். கார் முழுசாகத் தூங்க அரை மணி நேரமாவது கொடுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பழக்கமில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

“வயரை வெட்டாதீங்க, இந்த மாடலுக்கான கப்ளர் போடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்டி ஒட்டினால் எலக்ட்ரிக்கல் வாரன்டியிலும் சிக்கல் வரலாம். ஸ்டீரியோவுக்கு வரும் வயர்களில் ஏசிசியே இல்லாத கார்களும் உண்டு. அவற்றுக்குப் பொருத்தமான கேன் பாக்ஸ் வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்கு நேராக பேட்டரியிலிருந்து வயர் இழுத்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அது இல்லாமல் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், பேட்டரி இறங்குவதோடு நிற்காது. கார் தீப்பிடிக்கும் அபாயமே உண்டு.

பில் கொடுக்கும் முன் சாவியை எடுத்து, சிவப்பு வயரை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.