குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம்

குறட்டை விட்டுத் தூங்குபவரைக் கண்டால், "கவலையில்லாத மனிதர், நிம்மதியாக உறங்குகிறார்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். சற்று நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். சிலருடைய குறட்டை திடீரென நின்றுவிடும். பத்து, இருபது விநாடிகளுக்குச் சத்தமே இராது. பின்பு ஒரு திணறலுடன் மீண்டும் தொடங்கும். அந்த மௌன நேரத்தில் அவருக்குள் காற்றே செல்லவில்லை! இதுதான் 'உறக்க மூச்சுத்தடை' என்னும் நோய். இது பக்கவாதத்துக்கும் வழிகோலக்கூடும்.

மூச்சு ஏன் நிற்கிறது? விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. குறுகிய பாதையில் காற்று புகும்போது தொண்டையின் மெல்லிய சதைகள் அதிர்கின்றன, அதுவே குறட்டை. பாதை முழுவதும் மூடிக்கொண்டால் மூச்சு தடைபடுகிறது. உடல் பருத்தவர்களுக்கும், கீழ்த்தாடை சிறுத்தவர்களுக்கும் இது எளிதில் நேரும். மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் நிகழ்ந்தால் நோய் கடுமையானது.

மூச்சு நின்றதும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் சட்டென ஏறுகிறது. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கலாம். நாளடைவில் பகலிலும் அழுத்தம் உயர்ந்தே நிற்கும். குழாய்ச் சுவர்கள் பழுதடையும். இதயத் துடிப்பு தாளம் தவறினால், அங்கே இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம்தான்.

அமெரிக்காவில் பக்கவாதம் வராத 5,422 பேரை ஏறத்தாழ 9 ஆண்டுகள் கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களில் மூச்சுத்தடை மிகுந்திருந்த கால்பங்கினருக்கு, மிகக் குறைந்திருந்த கால்பங்கினரைவிடப் பக்கவாத அபாயம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது.

இதற்குப் பரிகாரம் உண்டா? 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும், மூக்கில் பொருத்திய மூடி வழியே காற்றைச் சிறு அழுத்தத்துடன் செலுத்தும் முறையை அறிவித்தார்கள். காற்றே முட்டுக்கொடுத்துப் பாதையைத் திறந்து வைக்கிறது. பகல் தூக்கம் நீங்குகிறது. இரத்த அழுத்தமும் ஓரளவு குறைகிறது. ஆனால் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரிடம் நடந்த ஆய்வில், கருவியால் புதிய தாக்குதல்கள் குறையவில்லை என்று 2016இல் தெரிந்தது. அவர்கள் அதை இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே, கருவி இருக்கிறதே என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உடல் எடையைக் குறைப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் அவசியம்.

தன் மூச்சு நிற்பதை உறங்குபவர் அறியமாட்டார். காலைத் தலைவலியும் பகல் தூக்கமும்தான் அவருக்குத் தெரியும். அருகில் படுத்திருக்கும் நீங்களே சாட்சி. குறட்டைக்கு நடுவே மௌனத்தைக் கேட்டால், மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கேட்டதை அப்படியே சொல்லுங்கள்.