மாமி கேட்ட டயர்

எதிர்வீட்டு மாமி ஒரு நாள் காலையில் காப்பிப் பொடி கடன் வாங்குகிற சாக்கில் வந்தார். வந்தவர் காப்பிப் பொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். நேயர்களே, மாமி அப்படி உட்கார்ந்தால் சமாசாரம் பெரியது என்று அர்த்தம்.

“ஏம்ப்பா, நீதான் பத்திரிகையிலே இருக்கியே! மோட்டார் சைக்கிளுக்கு எந்தக் கம்பெனி டயர் உசத்தின்னு கேட்டுச் சொல்லேன்” என்றார்.

மாமியின் பிள்ளை காலேஜை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம்.

“ஒரு மாசம் அழுது பார்த்தாச்சு. கேக்கலை. ஓட்டத்தான் போறான்னா டயரையாவது நான் வாங்கித் தரேன். விலையைப் பத்திப் பரவாயில்லை. வழுக்கப்படாது, அவ்வளவுதான்!”

காஞ்சிபுரம் பட்டுக்கு எந்தக் கடை என்று கேட்டால் சொல்வதுபோல, ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். விசாரிக்கப் போன பிறகுதான், மாமியின் கேள்வியே மாற வேண்டும் என்று தெரிந்தது.

சென்னையில் இந்தப் பந்தயம் நேற்று முளைத்ததல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-இல். யுத்த காலத்தில் போட்ட சோழவரம் விமானத் தளத்தில்தான் வெகு காலம் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-இல், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே ஒரு பாதை வந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பன்னிரண்டு வளைவுகள். ஆறு நாள் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிற பிள்ளைகூட ஏழாம் நாள் இங்கே தோல் உடுப்பு மாட்டிக்கொண்டு வீரனாகிவிடுகிறான். பெண்களும் ஓட்டுகிறார்கள். சங்கத்தின் மேற்பார்வை, பாதை ஓரத்தில் டாக்டர், எதிரே லாரி வராது என்ற நிச்சயம், எல்லாம் இங்கே உண்டு. நடுநிசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிறார்களே, அது பந்தயமே அல்ல.

பயிற்சி நாளன்று மாமியும் கூடவே வந்தார், ஒரு தூக்கு புளியோதரையுடன்.

அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் எங்களுக்குக் குருவாக அமைந்தார். தம் கையை விரித்துக் காட்டினார். “இவ்வளவுதாம்மா! முன் டயரில் ஓர் உள்ளங்கை அளவு, பின் டயரில் ஓர் உள்ளங்கை அளவு. வண்டியில் தரையைத் தொடுவது அது மட்டுந்தான். வளைவில் முழங்கால் தரையை உரசுகிற மாதிரி சாய்கிறார்களே, அப்போதும் அதேதான்” என்றார்.

மாமி தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

பக்கத்தில் ஒரு வண்டியின் சக்கரங்களுக்குக் கம்பளி போர்த்தியிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, டயருக்குக் கம்பளியா? அது சாதாரணக் கம்பளி அல்ல, மின்சாரத்தில் சூடாகிற போர்வை. ஏறக்குறைய 80 டிகிரி வரை டயரைக் காய்ச்சி வைக்குமாம். பந்தய டயரின் ரப்பர் சூடேறினால்தான் இளகித் தரையைப் பிடிக்கும். ஆறியிருந்தால் பிடிக்காது, அளவுக்கு மேல் சூடானாலும் வழுக்கத் தொடங்கிவிடும்.

“தோசைக்கல்!” என்றார் மாமி.

தோசைக்கல்லேதான். காயாத கல்லில் மாவை ஊற்றினாலும் கெட்டது, புகைகிற கல்லில் ஊற்றினாலும் கெட்டது. தோசை ஒட்டக் கூடாது, டயர் ஒட்ட வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். போர்வை வாங்க வசதியில்லாத பிள்ளைகள் முதல் ஒன்றிரண்டு சுற்றுகளை நிதானமாக ஓட்டி, ஓட்டத்திலேயே டயரைப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவசரக்காரன் அந்த முதல் சுற்றிலேயே விழுகிறான்.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பந்தய டயரை வாங்கி ஆபீஸ் போகிற வண்டியில் மாட்டிக்கொண்டு மிடுக்காகத் திரிகிற பிள்ளைகள் உண்டு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டியில் அந்த ரப்பருக்கு வேண்டிய சூடு ஏறவே ஏறாது. விலை உயர்ந்த டயரே அங்கே ஆபத்தாகிவிடுகிறது. தெருவுக்குத் தெரு டயர்தான் நல்லது.

சரி, கம்பெனி விஷயத்துக்கு வருவோம். பெயர்களுக்குப் பின்னே வேடிக்கையான கதைகள் இருக்கின்றன. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வித்தையை 1839-இல் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். சூடான அடுப்பின்மேல் கலவை தவறி விழுந்ததில்தான் ரகசியம் வெளிப்பட்டது என்பார்கள். அவர் கடனாளியாகவே 1860-இல் காலமானார். குட்இயர் கம்பெனி 1898-இல் பிறந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மரியாதைக்காக வைத்த பெயர்! டன்லப் என்பவர் மிருக வைத்தியர்; தம் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் தூக்கித் தூக்கிப் போடாமல் ஓடுவதற்காக 1888-இல் காற்றடைத்த டயர் செய்தார். நம் எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத்தான் ஆரம்பித்தது.

இவர்களில் யார் உசத்தி? மெக்கானிக் சிரித்தார். “பேர் பெற்ற கம்பெனி எல்லாமே நல்ல டயரும் செய்யுது, பந்தயத்துக்கு லாயக்கில்லாத டயரும் செய்யுது. எந்த ரகம், எந்த வண்டிக்கு, எவ்வளவு காற்று, எவ்வளவு வயசு, அதைக் கேளுங்க” என்றார். உலகப் பெரும் பந்தயமான மோட்டோ ஜிபியில் 2009-இல் பிரிட்ஜ்ஸ்டோன் ஒன்றே எல்லாருக்கும் டயர் தரும் என்று விதி வந்தது. 2016-இல் அந்த இடத்துக்கு மிஷெலின் வந்தது. எல்லாருக்கும் ஒரே டயர்தான். ஆனாலும் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் விழுந்தார்.

இந்தச் சமயத்தில் மாமியின் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் நிறையச் சிரிப்பு. தாயாரைச் சிரமப்படுத்தாமல் தானே டயர் வாங்கிவிட்டானாம். பெரிய வெளிநாட்டுக் கம்பெனி, யாரோ கழற்றி வைத்தது, பாதி விலை. “பட்டன்கூடத் தேயலேம்மா, புதுசு மாதிரி இருக்கு!”

மெக்கானிக் டயரின் பக்கவாட்டைத் துடைத்தார். டாட் என்ற ஆங்கில எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு எண்கள். “படிங்கம்மா.”

மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “மூணு, ரெண்டு, ஒண்ணு, நாலு.”

முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2014-ஆம் வருஷத்து முப்பத்திரண்டாவது வாரத்தில் பிறந்த டயர் அது. ரப்பருக்கும் முதுமை உண்டு. ஓடாமல் மூலையில் கிடந்தாலும் காற்றும் வெயிலும் பட்டு இறுகிப் போகும். பந்தயத்தில் சூடேறி ஆறி, சூடேறி ஆறிய டயர் இன்னும் சீக்கிரம் இறுகும். மெக்கானிக் சொன்னபடி மாமி பையனின் டயரில் நகத்தை அழுத்தினார். பதியவில்லை. அப்போதுதான் ஓடி வந்து நின்ற இன்னொரு வண்டியின் டயரைக் காட்டினார்கள். நகம் பதிந்தது, விரலில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது.

மாமி பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. “வண்டியை அங்கேயே நிறுத்து” என்றார். அவனும் நிறுத்தினான். அன்று அவன் ஓட்டவில்லை.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற ஸ்கூட்டரிலும் அந்த நாலு எண் இருக்கிறது, பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டினால் வருஷத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டானால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று டயர் செய்கிறவர்களே சொல்கிறார்கள். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடானால் அழுத்தம் ஏறிக் கணக்கு தப்பிவிடும்.

மறுவாரம் டயர்க் கடைக்கு மாமி என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர் கம்பெனிப் பெயர்களை ஒப்பிக்க ஆரம்பித்தார். மாமி கேட்டுக்கொள்ளவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுக்கிலிருந்த டயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஜோடியாக வாங்கினார். கூடவே காற்று அளக்கும் கருவி ஒன்று. அந்தச் சின்னக் கருவிக்குத்தான் பேரம் பேசினார்!

பந்தய நாளும் வந்தது. வரிகளே இல்லாத வழவழ டயர். உலர்ந்த தரையில் அதற்கு நிகரில்லை. மழை பெய்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல், ஈர மொசைக்கில் தேய்ந்த ரப்பர் செருப்பு மாதிரி ஆகிவிடும். மாமிக்கு இது தெரிந்துபோயிருந்தது. பந்தயம் முடிகிற வரையில் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்தி மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை வரவில்லை. பையன் பதினாலாவதாக வந்தான்.