மூலக்கூறு பாவனைகளுக்கான இருகண் முப்பரிமாணக் காட்சிக் கருவிகள்

இருகண் முப்பரிமாணக் காட்சி என்பது ஒரே பொருளின் சற்றே வேறுபட்ட இரு படங்களை இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனியே காட்டி, ஆழத்தை உணரச் செய்யும் முறையாகும். இதன் அடிப்படையைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் விளக்கினார். மூலக்கூற்று அறிவியலில் இது பழைய வழக்கம். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் கரோல் ஜான்சன் எழுதி 1965-இல் வெளியான ஓர்டெப் நிரல், படிகக் கட்டமைப்புகளை இரட்டைப் படங்களாக வரைந்து தந்தது.

பாவனைகளில் இதன் தேவை

அசையாத புரதக் கட்டமைப்பைத் திரையில் சுழற்றிப் பார்த்தாலே எது முன்னே, எது பின்னே என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். மூலக்கூற்று இயக்கவியல் பாவனையில் அணுக்கள் தாமே நகர்கின்றன. ஆகவே சுழற்சியால் வரும் அசைவும் மூலக்கூறின் சொந்த அசைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மருந்து மூலக்கூறு நொதியின் பிளவுக்குள் நுழைகிறதா, அதன் முன்னால் கடந்து போகிறதா என்பதைத் தட்டையான திரையில் தவறாகக் கணிக்க வாய்ப்புண்டு.

கண்ணாடியும் திரையும்

மிக மலிவானது சிவப்பு-நீலப்பச்சைக் கண்ணாடி. இதை எந்தத் திரையிலும் பயன்படுத்தலாம். ஆனால் வேதியியலில் நிறமே அணுவின் அடையாளம்: ஆக்சிசன் சிவப்பு, நைட்ரசன் நீலம். இக்கண்ணாடி வழியே சிவப்பு ஆக்சிசன் ஒரு கண்ணுக்கு ஒளிர்ந்தும் மற்றதற்கு இருண்டும் தெரிவதால் கண் சோர்ந்துவிடும். வகுப்பில் ஒருமுறை காட்டுவதற்கு மட்டுமே இது ஏற்றது.

வரிக்கு வரி மாறும் முனைவாக்கத் திரைக்கு எடை குறைந்த, மின்கலமற்ற கண்ணாடி போதும். பலர் சேர்ந்து பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வரிகளே கிடைப்பதால் மெல்லிய பிணைப்புக் கோடுகள் உடைந்து தெரியும்.

மின்னணு மூடுகண்ணாடி முழுத் தெளிவைத் தரும். இது இரு கண்களையும் மாறி மாறி மறைப்பதால், 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு கண்ணுக்கும் நொடிக்கு 60 படங்கள் கிடைக்கும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரை இதற்கு உதவாது.

கிராபிக்ஸ் அட்டை

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். விஎம்டி, பைமால் போன்ற மென்பொருள்கள் மூடுகண்ணாடிக்கு ஓப்பன்ஜிஎல் வழியே நான்கு இடையகங்களை எதிர்பார்க்கின்றன: ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டப்படும் படம் ஒன்று, வரையப்படும் படம் ஒன்று. குவாட்ரோ போன்ற தொழில்முறை அட்டைகள் இவ்வசதியைத் தந்தன. விளையாட்டுக்கான ஜிஃபோர்ஸ் அட்டைகளில் இது நெடுங்காலம் முடக்கப்பட்டிருந்தது. அதனால் விளையாட்டு ஆழத்துடன் தெரிந்த அதே கணினியில் புரதம் தட்டையாகவே நின்றது. என்விடியா தனது 3டி விஷன் கண்ணாடிக்கான ஆதரவை 2019-இல் நிறுத்தியது. அதைப் பழைய விலைக்கு வாங்குபவர் பழைய இயக்கி மென்பொருளையே நம்பியிருக்க வேண்டும்.

தலையணித் திரைகளில் இச்சிக்கல் இல்லை. ஸ்டீம்விஆர் வழியே கைமெராஎக்ஸ் இவற்றில் இயங்குகிறது. எனினும் பலவற்றுக்கு நொடிக்கு 90 படங்கள் தேவை. வேகம் குறைந்தால் தலைசுற்றும். பாவனையைச் சூழ்ந்த ஆயிரக்கணக்கான நீர் மூலக்கூறுகளை மறைத்துவிட்டால் சுமை வெகுவாகக் குறையும்.

எதையும் வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. பக்கம் பக்கமாக அச்சிட்ட இரட்டைப் படத்தை, மையங்களுக்கிடையே சுமார் 6 செ.மீ. இடைவெளியுடன் வைத்து, தொலைவை நோக்குவதுபோல் கண்களைத் தளர்த்திப் பார்க்கலாம். இதற்குச் சிறிது பழக்கம் தேவை. மாறுகண் போன்ற காரணங்களால் இருகண் ஆழப்பார்வை இல்லாதவர்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் ஆழத்தைக் காட்டாது.