விண்டோஸா, லினக்ஸா? கணினிப் பாதுகாப்பு பற்றிச் சில விளக்கங்கள்

வாகரைப் பக்கம் படிப்பிக்க வந்த காலம் முதல் நம்மவரின் நாட்டார் கவிகளைச் சேகரித்து வருகிறேன். வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதிகளில் வயது முதிர்ந்த பெண்கள் பாடியவை அவை. கொப்பியில் எழுதியவற்றைத் தட்டச்சுச் செய்து, ஒலிப்பதிவுகளோடு சேர்த்து ஒரு பென்டிரைவில் வைத்திருந்தேன். ஒருநாள் அச்செடுப்பதற்காக அதை ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் கோப்புகள் எல்லாம் ‘சோர்ட்கட்’டாகக் கிடந்தன. “வைரஸ் பிடிச்சிட்டுது காக்கா, போர்மட் பண்ணத்தான் வேணும்” என்றார் தெரிந்தவர் ஒருவர். பண்ணியும் தந்தார். அதன்மேல் வேறு கோப்புகளையும் ஏற்றிவிட்டேன். கொப்பியில் இருந்தவற்றைத் திரும்பவும் தட்டலாம். ஒலிப்பதிவாக மட்டும் இருந்தவற்றைப் பாடிய மூத்தம்மா அதற்குள் மௌத்தாகிவிட்டார்.

சில மாதங்களின் பின் பாடசாலைக் கணினி அறையில் தவணைப் பரீட்சை வினாத்தாள் இருந்த பென்டிரைவுக்கும் அதே நோய் வந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், “கொஞ்சம் பொறுங்க சேர்” என்று, லினக்ஸ் போட்டிருந்த பழைய கணினியில் அதைச் செருகினான். கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. “இதுக்கு லினக்ஸ்தான் சேர் சரி. இதுல வைரசே வராது” என்றான். போர்மட் பண்ணிய அன்றும் என் கவிகள் உள்ளேயேதான் இருந்திருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மாணவன் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பென்டிரைவில் நடந்தது என்ன?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று எல்லாவற்றையும் நடத்துவது பணிசெயல் முறைமை. தமிழ்நாட்டில் இதனை இயங்குதளம் என்பர். மேசைக் கணினிகளில் மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ், அப்பிளின் மெக், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய லினக்ஸ் ஆகிய மூன்றுமே பெரிதும் பேசப்படுபவை.

சோர்ட்கட் வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றுக்கு ‘மறைவானது’ என்று ஓர் அடையாளம் இட்டுவிட்டு, அதே பெயரில் ஒரு போலிக் குறுக்குவழியை வைக்கிறது. விண்டோஸ் அந்த அடையாளத்துக்குக் கட்டுப்பட்டு உண்மைக் கோப்பை மறைத்துவிடும். நாம் போலியைச் சொடுக்கினால் வைரஸ் ஓடத் தொடங்கும். லினக்ஸோ அந்த அடையாளத்தைப் பொருட்படுத்துவதில்லை. விண்டோஸுக்கென எழுதிய வைரஸும் அதில் நேராக ஓடாது. சீன மொழிக் கடிதத்தை நம்மிடம் தந்தால் அதிலுள்ள கட்டளையை நாம் நிறைவேற்ற மாட்டோம் அல்லவா, அதுபோலத்தான். ஆகவே அன்று வினாத்தாளைக் காப்பாற்றியது லினக்ஸின் வலிமை என்பதை விட, வைரஸ் வேறு வீட்டுக்கென எழுதப்பட்டிருந்தது என்பதே பொருத்தம்.

அமைப்பில் உள்ள வேறுபாடு

அதற்காக மூன்றும் ஒன்றே என்று சொல்வதும் சரியாகாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்தவர் பெரும்பாலும் முழு அதிகாரம் கொண்ட நிருவாகியாகவே இருந்தார். அவர் தெரியாமல் திறந்த வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் ‘இதற்கு அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்கும் முறை வந்தது. நம்மில் பலர் வாசிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்துவது வேறு விடயம்.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், பலர் ஒரே கணினியைப் பகிரும் யுனிக்ஸ் முறைமையைப் பின்பற்றி எழுந்தது. சாதாரணப் பயனர் முறைமையின் அடிப்படைக் கோப்புகளில் கை வைக்க முடியாது. அதற்குக் கடவுச்சொல் கொடுத்து நிருவாகி அதிகாரம் பெற வேண்டும். மென்பொருள்களையும் பொதுவாக அதற்குரிய களஞ்சியத்திலிருந்தே பெறுவர். கண்ட இடத்தில் இறக்கும் பழக்கம் குறைவு. மெக்கும் யுனிக்ஸ் வழி வந்ததே.

ஆயினும் பூட்டு நல்லது என்பதால் கள்வன் வரமாட்டான் என்பதில்லை. 2012இல் ‘பிளாஷ்பேக்’ என்ற தீநிரல் ஏறத்தாழ 6 இலட்சம் மெக் கணினிகளைப் பிடித்தது. அது நுழைந்தது ஜாவா மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக. ஒரக்கிள் நிறுவனம் பெப்ரவரியிலேயே திருத்தத்தை வெளியிட்டிருந்தும், அப்பிள் தன் பயனர்களுக்கு அதை ஏப்ரலில்தான் தந்தது. 2014இல் வெளிப்பட்ட ‘ஷெல்ஷொக்’ என்ற ஓட்டை, லினக்ஸில் பரவலாகப் பயன்படும் பாஷ் நிரலுக்குள் 1989 முதல் இருந்து வந்தது. நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தும் 25 வருடங்கள் எவரும் காணவில்லை.

2024 மார்ச்சில் இன்னொன்று. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் சேர்ந்துள்ள எக்ஸ்இசட் என்ற கருவியில், இரண்டு வருடங்களாகத் தொண்டர் போல் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர் களவு வாசல் ஒன்றை வைத்துவிட்டார். கணினிக்குள் நுழைய வழமையை விட அரை விநாடி கூடுதலாகச் செல்கிறதே என்று ஐயுற்று அதைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் பிரொயிண்ட். அவர் மைக்ரோசொப்ட்டில் பணிபுரியும் பொறியியலாளர்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சட்டைப் பையிலுள்ள அன்ட்ரொயிட் கைபேசியின் கருவும் லினக்ஸ்தான். வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நாமே நிறுவினால் அந்த லினக்ஸ் என்ன செய்யும்?

நம் நாட்டில் நடந்தது

2017 மே 12ஆம் திகதி பரவிய ‘வன்னாகிரை’ என்ற கப்பத் தீநிரல், விண்டோஸ் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகள் முதல் கேரளத்து வயநாட்டின் பஞ்சாயத்து அலுவலகம் வரை அகப்பட்டன. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14இலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவியோர் தப்பினர்.

2023 ஒகஸ்டில் அது நம் வாசலுக்கும் வந்தது. இலங்கை அரச மேகக் கணினிச் சேவையை ஒரு கப்பத் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காரணங்கள் இரண்டு. பயன்பாட்டில் இருந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013க்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறுவது நிதிப் பற்றாக்குறை முதலியவற்றால் பிந்தியது. அடுத்தது, பிரதிகளும் அதே வலையமைப்பில் இருந்ததால் அவையும் சேர்ந்து பூட்டப்பட்டன. தனியே எடுத்து வைத்த பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

என் பென்டிரைவுக்கும் அரசின் மேகத்துக்கும் அளவில்தான் வேறுபாடு. இரண்டு இடத்திலும் ஒரே பிழைதான்.

நாம் செய்யக்கூடியவை

எந்த முறைமை என்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அதற்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றனவா? நாம் அன்றாடம் நிருவாகியாக அல்லாமல் சாதாரணப் பயனராக நுழைகிறோமா? கணினியோடு இணையாத பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கிறதா?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்பதால் பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. பாடசாலைகளில் ஒதுக்கப்பட்ட அத்தகைய கணினிகளுக்கு, தொடர்ந்து திருத்தம் பெறும் லினக்ஸ் நல்ல வழி. யுனிகோட் தமிழ் அதில் சீராக இயங்கும். பாமினியில் தட்டிய பழைய ஆக்கங்களும் எழுத்துருவை நிறுவினால் திறக்கும். ஆனால் சஞ்சிகை வடிவமைப்போர் இன்னும் விடாத பேஜ்மேக்கர் அதில் நேராக ஓடாது. அவர்களை மாறு என்று வற்புறுத்திப் பயனில்லை. உரிமத்தோடு விண்டோஸையோ மெக்கையோ வைத்து, திருத்தங்களை உடனுக்குடன் நிறுவினால் போதும்.

‘கிரக்’ பண்ணிய விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. அதை நிறுவும்போது வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்வார்கள், திருத்தங்களையும் முடக்குவார்கள். கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பூட்டைப் பற்றி விவாதிப்பது போன்றது இது. அத்தோடு, 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஆக்க உரிமை போன்றவை ஷரீஆவில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள் எனத் தீர்மானித்திருப்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மாணவரின் புள்ளிகளும் முதியோரின் பாடல்களும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். இப்போது என் கவிகள் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி, அலுமாரியில் ஒரு பிரதி, நண்பர் வீட்டில் ஒரு பிரதி என மூன்று இடங்களில் இருக்கின்றன. கடைக்குப் போவது அச்செடுக்க வேண்டிய கோப்பு மட்டும் உள்ள வேறு பென்டிரைவ். மௌத்தான மூத்தம்மாவின் மகளுக்கு அந்தக் கவிகளில் சில பாடமாம். வரும் விடுமுறையில் கொப்பியும் ஒலிப்பதிவுக் கருவியுமாக அவரிடம் போக இருக்கிறேன்.