உங்களுக்குத் தெரியுமா? பட்டு நூலின் பிசினும் புற்றுநோய் ஆய்வும்

காஞ்சிபுரம் ஓரிக்கையில் தறியேறும் பட்டு நூலைச் சாயம் ஏற்றுமுன் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பிசின் நீக்குவார்கள். நூலின் எடையில் கால் பங்கு வரை இருக்கும் அந்தப் பிசின்தான் செரிசின் என்னும் புரதம். அதைக் கழிவென்று தள்ளிவிட முடியாது. செரிசின் கலந்த தீவனம் சுண்டெலிகளின் பெருங்குடல் கட்டிகளைக் குறைத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் எழுதினார்கள். பிசின் போனபின் எஞ்சும் ஃபைப்ராயின் என்னும் புரதத்தை நுண்துகளாக்கி மருந்தேற்றியபோது, ஆய்வகத்தில் புற்றுச்செல்கள் மடிந்தன. எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்குமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் புரதத்தில் மருந்தேற்றும் வழி வெறும் கனவல்ல: ரத்தப் புரதமான ஆல்புமினோடு இணைத்த பாக்லிடாக்சல் என்னும் மருந்து, மார்பகப் புற்றுக்கு 2005இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பட்டுப் புரதம் அந்த நிலையை இன்னும் எட்டவில்லை. ஆகவே, உடலில் கட்டி தென்பட்டால் காத்திருக்காமல் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.