திங்களின் வட்ட அளவும் வாக்கியக் கணிதமும்

எழுகின்ற முழுமதியைப் பெரிதென்றும் உச்சி எய்திய மதியைச் சிறிதென்றும் புனைவது புலவர் பலர்க்கும் இயல்பு. அப்புனைவைச் சான்றாகக் கொண்டு, திங்களின் தொலைவு வேறுபடுதலைப் பண்டையோர் அறிந்திருந்தனர் என நிறுவப் புகுதல் பிழையாகும். அடிவானத்து மதி பெரிதாகத் தோன்றுதல் கண்ணும் கருத்தும் செய்யும் மயக்கமேயாம். உண்மையில், உதிக்கும் திங்கள் தலைக்கு நேரே நிற்கும் திங்களினும் ஏறத்தாழப் புவியின் ஆரத்தளவு, அஃதாவது 6,400 கிலோமீட்டர், நமக்குச் சேய்மையில் உளது. ஆதலின், அளந்து நோக்குவார்க்கு அது சிறிது குறைந்தே புலப்படும்.

தொலைவால் விளையும் வேறுபாடு பிறிதொன்று. திங்கள் செல்நெறி நீள்வட்டம் ஆதலின், அது மிக அணுகுங்கால் ஏறத்தாழ 3,56,400 கிலோமீட்டரிலும், மிக அகலுங்கால் 4,06,700 கிலோமீட்டரிலும் நிற்கும். அதன் தோற்ற விட்டம் 33½ கலையினின்று 29½ கலையளவாகச் சுருங்கும். (கலை என்றது ஈண்டுப் பாகையின் அறுபதில் ஒரு கூறு, வளர்பிறைக் கலை அன்று.) ஏழில் ஒரு பங்கு வேறுபாடு சிறிதன்று, எனினும் இரண்டையும் ஒருங்கு வைத்துக் காணல் இயலாமையின் வெறுங்கண்ணுக்கு அஃது எளிதிற் புலனாவதில்லை.

இவ்வேறுபாட்டின் சுழற்சி 27.55 நாள். முழுமதி மீளும் 29.53 நாளோடு இஃது ஒவ்வாமையால், ஒரு முழுமதி அண்மையிலும் மற்றொன்று சேய்மையிலும் வாய்க்கின்றது. தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கத்திற்கு அடிப்படையாகிய, வரருசியின் பெயரால் வழங்கும் திங்கள் வாக்கியங்கள் 248 ஆனமைக்கும் இச்சுழற்சியே காரணம். ஒன்பது சுழற்சிகள் 248 நாளில் நிரம்பும். ஆயின், அவ்வாக்கியங்கள் தருவது திங்கள் நிற்கும் இடமேயன்றி வட்ட அளவன்று.

வட்ட அளவைக் கிரகணக் கணிதத்தின்பொருட்டுச் சூரிய சித்தாந்தம் கூறுகின்றது. அன்றைய கதி இடைக்கதியினும் எவ்விகிதத்தில் மிகுமோ அவ்விகிதத்தில் வட்டமும் மிகும் என்பது அதன் முறை. கதியையும் அளவையும் இணைத்து நோக்கியமை பாராட்டத்தக்கதே. எனினும், கெப்ளர் 1609இல் வெளியிட்ட பரப்பு விதியின்படி கோணக் கதி தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதமாகும். வட்டமோ தொலைவுக்கு மட்டுமே எதிர்விகிதம். ஆகவே, சித்தாந்த முறை வட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மிகுத்துக் காட்டுகின்றது.

மதி சிறுத்தலை நேரிற் காட்டுவது கங்கண கிரகணம். 2010 சனவரி 15இல் திங்கள் தன் சேய்மைநிலையை அணுகியிருந்தது. ஞாயிறோ புவிக்கு அண்மையில் நின்று சற்றே பெருத்திருந்தது. அதனால், தனுஷ்கோடியில் நின்று நோக்கினோர்க்கு, முழுதும் மூடமாட்டாத மதியைச் சூழ ஞாயிற்றின் விளிம்பு வளையமாய் எஞ்சிற்று.