எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும் சிறு மோட்டர்

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவின் உதவியோடு வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றினால் மின்சாரம் கிடைத்தது. மின்சாரத்தைக் கொடுத்தால் தானே சுற்றும் இயந்திரம் மோட்டர். இந்த இரண்டு வேலையையும் ஒன்றே செய்வதுதான் 'மைல்ட் ஹைபிரிட்' முறையின் அடிப்படை.

எஞ்சினோடு பெல்ற்றினால் இணைத்த அந்த மோட்டர், வாகனம் வேகம் குறையும்போது மின்சாரம் பிறப்பித்துச் சிறிய லிதியம் பற்றறியில் சேர்க்கும். வேகம் எடுக்கும்போது அதே மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும். ஜப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்த சுசுகி வாகன் ஆர் கார்கள் பலவற்றில் இது உண்டு. 2017இல் வந்த மாதிரியில் மோட்டரின் வலு 2.3 கிலோவாற் மாத்திரமே.

கனமான வேலைக்கு 12 வோல்ற் போதாது. 48 வோல்ற்றுக்குப் போனால் அதே வலுவுக்குக் காற்பங்கு மின்னோட்டம் போதும். வயரும் மெல்லியதாக இருக்கலாம். 60 வோல்ற்றைத் தாண்டினால் விசேட பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்பதால் அதற்குள்ளேயே நிற்கிறார்கள். குபோட்டா நிறுவனம் 2020இல் 10 கிலோவாற், 48 வோல்ற் மோட்டர் பூட்டிய டீசல் எஞ்சின் ஒன்றை அறிமுகம் செய்தது. மண் அள்ளும் இயந்திரத்துக்கு வாளி மண்ணைக் கடிக்கும் சில விநாடிகளே முழுப்பலம் தேவை. அந்த நேரத்துக்கு மோட்டர் கைகொடுத்தால், சிறிய எஞ்சினே மிச்ச வேலையைப் பார்க்கும்.

காணிக்குத் திரும்பிக் கடன்பட்டுத் தொழில் தொடங்கும் எங்களுக்கு இதில் என்ன உண்டு? கிணற்றில் நீர் இறைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது மணிக்கணக்காக ஒரே சுமையில் ஓடுகிறது. பிறேக் பிடிப்பதுமில்லை, ஓய்வதுமில்லை. பற்றறிக்குப் போகும் மின்சாரமும் அதே எண்ணெயிலிருந்துதான் வரவேண்டும். வழியில் கொஞ்சம் வீணாகவும் போகும். நாள் முழுக்க உழும் ரக்ரருக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஆகவே 'ஹைபிரிட்' என்ற சொல்லுக்காக மேலதிகமாக ஒரு சதமும் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். நின்று நின்று ஓடும் வாகனத்துக்கும், சுமை ஏறி இறங்கும் இயந்திரத்துக்கும் மாத்திரம் யோசிக்கலாம்.

பழைய வாகனமானால் அந்த லிதியம் பற்றறியின் நிலையைச் சோதித்து, புதியதன் விலையையும் விசாரித்த பின்னரே முற்பணம் கொடுங்கள். 48 வோல்ற் பொதுவாக ஆளை அடிக்காது என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சாவி விழுந்தால் தீப்பொறி பறந்து இரும்பே உருகும். கைவைக்க முன் மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றிவிடுங்கள்.